காசு கொடுத்து அழைத்து 70–0 என்று அடிப்பது: கல்லூரி ஃபுட்பாலில் இது சரியா?

கொலம்பஸ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடுவது) பார்க்கிற நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் ரொம்ப நாளாக மனசை அரிக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கிறேன்.

2025 செப்டம்பர் 6. ஒஹாயோ ஸ்டேட் 70, கிராம்ப்ளிங் ஸ்டேட் 0. ஒரு பக்கம் முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியன். மறுபக்கம் ஒரு படி கீழே, எஃப்சிஎஸ் பிரிவில் ஆடுகிற சிறிய பல்கலைக்கழகம். அரைநேரம் வருமுன்பே முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறமும் அந்தப் பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், அடி வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பருவத்துக்கு 12 ஆட்டம். எட்டோ ஒன்பதோ தங்கள் கான்ஃபரன்ஸுக்குள், அதாவது தங்கள் பல்கலைகள் சேர்ந்த குழுவுக்குள். மீதி மூன்று நான்கு ஆட்டங்களுக்கு எதிரணியை அந்தந்தப் பல்கலைக்கழகமே தேடிக்கொள்ளலாம். பெரிய பல்கலைக்குச் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டமாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் டிக்கெட், பார்க்கிங், விளம்பரம் என்று பல மில்லியன் டாலர் வருகிறது. பதிலுக்குப் பதில் என்று ஒப்பந்தம் போட்டால் அடுத்த வருடம் எதிரணியின் ஊருக்குப் போயாக வேண்டும். அதனால் சிறிய பல்கலை ஒன்றுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து 'நீங்கள் வந்தால் போதும், நாங்கள் வர மாட்டோம்' என்று முடித்துவிடுகிறார்கள். இதைத்தான் கியாரண்டி கேம், பை கேம் என்கிறார்கள். ஒரு பருவத்தில் 6 வெற்றி இருந்தால் பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி. எஃப்சிஎஸ் அணிக்கு எதிரான ஒரு வெற்றியையும் அந்த ஆறில் சேர்த்துக்கொள்ள, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விதி இடம் கொடுக்கிறது. ஆக, காசுக்குக் காசு, வெற்றிக்கு வெற்றி.

இதில் எனக்கு உறுத்துவது ஸ்கோர் இல்லை. ஒப்பந்தம் பல வருடம் முன்னதாகவே கையெழுத்தாகிறது. போடுகிறவர்கள் இரண்டு பக்கத்து அத்லெட்டிக் டைரக்டர்கள். ஆட்டத்தன்று மைதானத்தில் நிற்கிறவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். சம்மதித்தவர் ஒருவர், அடி வாங்குபவர் வேறொருவர், பணம் போவது மூன்றாவது இடத்துக்கு. இது நியாயமா?

---

கணக்கர்

நண்பரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சிறிய பல்கலையின் பட்ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். டிவி ஒப்பந்தப் பணம் அவர்களுக்குச் சொற்பம். டிக்கெட் வருமானம் அதைவிடக் குறைவு. மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தும் பல்கலையின் பொது நிதியிலிருந்தும்தான் விளையாட்டுத் துறை ஓடுகிறது. அதாவது ஃபுட்பால் பக்கமே தலைவைக்காத மாணவியும் அதற்குப் பணம் கட்டுகிறாள்.

கென்ட் ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வாஷிங்டன், ஓக்லஹோமா, ஜார்ஜியா என்று மூன்று பெரிய இடங்களுக்குப் போனார்கள். மூன்றும் சேர்த்து 52 லட்சம் டாலர். அந்தத் துறைக்கு அது சின்னத் தொகை இல்லை. பெண்கள் வாலிபால், தடகளம், பயணச் செலவு எல்லாவற்றுக்கும் இப்படி வருகிற பணம்தான் கை கொடுக்கிறது. அவமானமாகவும் முடியவில்லை. அந்த வருடமும் சாம்பியனாகப் போகிற ஜார்ஜியாவிடம் 39–22 என்று தோற்றார்கள். 17 பாயிண்ட் வித்தியாசம்தான்.

யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கூப்பிடவில்லை. 'பாவம் சின்னக் கல்லூரி' என்று நாம் தூரத்தில் இருந்து இரக்கப்படுவது அவர்களுக்கு மரியாதை இல்லை என்பேன்.

---

நாலாவது_டவுன்

கணக்கர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். எனக்குப் பணத்தைவிட முக்கியமான காரணம் வேறு.

2007 செப்டம்பர் 1, மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பர். தேசியத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், 1 லட்சத்து 9 ஆயிரம் பேருக்கு முன்னால், எஃப்சிஎஸ் அணியான ஆப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை ஆப்பலாச்சியனின் கோரி லிஞ்ச் தடுத்தார். அந்த அணியை அழைத்துவர மிச்சிகன் கொடுத்தது 4 லட்சம் டாலர்!

2022 செப்டம்பர் 10-ஐ மறக்க முடியுமா? ஒரே சனிக்கிழமை. மார்ஷல் நோட்ர டேமை 26–21 என்று வீழ்த்தியது. ஆப்பலாச்சியன் ஸ்டேட் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 17–14. ஜார்ஜியா சதர்ன் நெப்ராஸ்காவை 45–42. மறுநாளே நெப்ராஸ்கா கோச் ஸ்காட் ஃப்ராஸ்டுக்கு வேலை போனது. மூன்றுமே காசு கொடுத்து அழைத்த ஆட்டங்கள். 2024-இல் நார்தர்ன் இல்லினாய் 14 லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு நோட்ர டேமை 16–14 என்று வென்றது. அந்த நோட்ர டேம்தான் அதே பருவத்தில் இறுதிப்போட்டி வரை போனது.

2017-இல் யுஎன்எல்வியை ஹோவர்டு 43–40 என்று வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தயக்காரர்கள் 45 பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்த அணி அது.

இந்த ஆட்டங்களைத் தடைசெய்தால் அந்தப் பையன்களின் வாழ்நாள் சனிக்கிழமையைத்தான் முதலில் பறிப்பீர்கள். சிறிய அணி என்றால் தோற்கத்தான் வருகிறது என்று நாமே முடிவுகட்டக் கூடாது.

---

டேப்பும்_ஐஸும்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். நான் ஒரு எஃப்சிஎஸ் அணியில் அத்லெட்டிக் டிரெய்னர், வீரர்களின் காயங்களைக் கவனிப்பவர். பல்கலையின் பெயர் வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் ஸ்கோரைப் பேசுகிறீர்கள். நான் பெஞ்சிலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். வித்தியாசம் முதலில் தெரிவது லைனில்தான், அதாவது இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதுகிற முன்வரிசையில். பெரிய அணியில் டிஃபென்ஸ் லைனுக்கு எட்டு ஒன்பது பேர் மாறி மாறி வருவார்கள். ஒவ்வொருவரும் நாலைந்து பிளே ஆடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். எங்கள் பக்கம் ஆஃபென்ஸ் லைனில் அதே ஐந்து பேர். ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு ரொம்ப காலம் அவர்களுக்கு 85, எங்களுக்கு 63. அந்த 22 பேர்தான் மூன்றாவது குவார்ட்டரில் எங்களிடம் இல்லாதவர்கள். 2025 முதல் பெரிய பல்கலைகளில் அந்த வரம்பே போய், அணிக்கு 105 பேர் என்றாகிவிட்டது. அத்தனை பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்.

ஒரு ஆட்டம் சொல்கிறேன். மூன்றாவது குவார்ட்டர் நடுவில் அந்த ஐந்து பேரில் ஒருவனான எங்கள் லெஃப்ட் கார்டு வந்து உட்கார்ந்தான். தலையில் ஈரத் துண்டு. இரண்டு கையும் முழங்காலில். விரல்களில் நான் காலையில் சுற்றிய டேப் கிழிந்து தொங்குகிறது. என்ன கேட்டாலும் 'ஐயாம் குட்' என்கிறான். கண்ணைப் பார்த்தால் குட் இல்லை. பரிசோதனைக் கூடாரத்துக்கு வா என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்ச் கோடியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தான். பதினெட்டு வயது, முதல் வருடம், அவனுக்கு அடுத்து அந்த இடத்துக்கு உள்ள ஒரே ஆள். 'என்னை எடுத்தா அவனை அனுப்புவீங்க. இன்னைக்கு வேண்டாம், ப்ளீஸ்' என்றான். நான் அவனை எடுத்தேன். அந்தச் சின்னப் பையனை அனுப்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டம். எஃப்சிஎஸ் பிளேஆஃபுக்குப் போக அதைத்தான் ஜெயித்தாக வேண்டும். அதற்கு அந்த இருவரில் ஒருவர்தான் ஆடினார். காசு வந்த ஆட்டத்துக்கான விலையைக் காசு வராத ஆட்டத்தில் கட்டினோம்.

---

கொலம்பஸ்வாசி

@டேப்பும்_ஐஸும், எழுதியதற்கு நன்றி.

> யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கூப்பிடவில்லை.

@கணக்கர், அதே கென்ட் ஸ்டேட்டின் அடுத்த இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022 பருவம் முடிந்ததும் கோச் ஷான் லூயிஸை கொலராடோ எடுத்துக்கொண்டது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் யூசிஎல்ஏவுக்குப் போனார். முன்னணி ரிசீவர் பென் ஸ்டேட்டுக்கு. நன்றாக ஆடியதற்குக் கிடைத்த பலன், அணி கலைந்தது. 2024-இல் டென்னசியிடம் 71–0. அடுத்த வாரமே பென் ஸ்டேட்டிடம் 56–0. பருவ முடிவில் 0–12. பணம் உள்ளே வந்தது, திறமை அதே வாசல் வழியாக வெளியே போனது. வீரர்களை வாங்கிப்போன அணிகளில் ஒன்றே பிறகு அவர்கள்மேல் 56 பாயிண்ட் அடித்தது.

சவானா ஸ்டேட் 2012-இல் இரண்டு வாரத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84–0, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55–0 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தை மின்னல் வந்து மூன்றாவது குவார்ட்டரில் நிறுத்தியது. இரண்டுக்கும் சேர்த்துப் பேசிய தொகை 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 2018-இல் மயாமியிடம் 77–0. 2019-இல் டிவிஷன் 1-ஐயே விட்டு டிவிஷன் 2-க்கு இறங்கிவிட்டார்கள். இந்த ஆட்டங்களால்தான் இறங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பணம் சிறிய கல்லூரியை நிமிர்த்திவிடும் என்கிற வாதத்துக்கு அவர்கள் சாட்சி இல்லை.

---

பழைய_ஏடு

ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. ஜார்ஜியா டெக் 222, கம்பர்லண்ட் 0. கம்பர்லண்ட் ஃபுட்பால் அணியையே கலைத்திருந்தது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். முதல் பாதியில் 126–0. டெக்கின் கோச் ஜான் ஹைஸ்மன். இன்றைக்குச் சிறந்த வீரருக்குக் கொடுக்கிற கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைய ஒப்பந்தங்களிலும் அதே அபராதப் பிரிவு உண்டு, தொகை மட்டும் பல மடங்கு. கத்தி இல்லை என்று கணக்கர் சொன்னாரே, அதற்காகத்தான் இதை எழுதினேன். உங்கள் அணி ஆடும் நிலையில் இருக்கிறதா என்று ஒப்பந்தம் கேட்பதில்லை.

---

அட்லாண்டா_அக்கா

தம்பிகளா, கிராம்ப்ளிங்கை வெறும் 'சின்னக் கல்லூரி' என்று எழுதிக்கொண்டு போகிறீர்கள். எனக்கு அது தாங்கவில்லை.

கிராம்ப்ளிங், சதர்ன் (ஜார்ஜியா சதர்ன் வேறு) எல்லாம் கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த பல்கலைக்கழகங்கள். 1967-இல் கென்டக்கிக்காக நேட் நார்திங்டன் களமிறங்கும்வரை, தென் மாநிலங்களின் பெரிய பல்கலைகள் சேர்ந்த எஸ்இசி கான்ஃபரன்ஸின் ஃபுட்பாலில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. அந்தக் காலத்தில் தென் மாநிலங்களின் மிகச் சிறந்த கறுப்பின வீரர்கள் போன இடங்கள் கிராம்ப்ளிங் போன்றவைதான். அங்கே கோச் எடி ராபின்சன் 408 ஆட்டங்களை வென்றார். தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் தொடக்க வீரராக இறங்கி வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ் அவரிடம் வளர்ந்தவர். அதன் பிறகு பெரிய பல்கலைகள் கதவைத் திறந்தன. திறக்கத்தான் வேண்டும். ஆனால் வீரர்களை அழைத்துக்கொண்டவர்கள் அரங்கத்தையும் டிவி பணத்தையும் பங்குபோடவில்லை. இன்றைய 70–0 இயற்கையாக வந்த இடைவெளி இல்லை, ஒரு வரலாறு அப்படி ஆக்கி வைத்தது.

அந்தப் பல்கலைகளின் பேண்டைப் பார்த்திருக்கிறீர்களா? சதர்னின் பேண்ட் வந்தால் அரைநேரத்தில் யாரும் தின்பண்டம் வாங்க எழுந்து போக மாட்டார்கள். அந்த மாணவர்களுக்கு அத்தனை பெரிய மேடை கிடைப்பது எனக்குச் சந்தோஷம். ஆகவே ஆட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் 2015 செப்டம்பர் 26 நினைவுக்கு வருகிறது. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் ஜார்ஜியா 48, சதர்ன் 6. சதர்னுக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அன்று ஒரு கிக்காஃபில் மோதி விழுந்த டெவன் கேல்ஸ் என்கிற சதர்ன் பையன் அப்புறம் எழுந்து நடக்கவில்லை. இது அணிகளின் ஏற்றத்தாழ்வால் நேர்ந்தது என்று சொல்ல முடியாது. சமமான ஆட்டத்திலும் நடக்கக்கூடியதுதான். ஜார்ஜியா மக்கள் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை, நிதி திரட்டி அவருக்கேற்ற வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆறரை லட்சம் ஒப்பந்தப்படி போக வேண்டிய இடம் பல்கலைக்கழகம். ஆடிய பையன் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

---

வாரக்கடைசி

எங்கள் வீட்டில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறோம். இந்த ஆட்டத்துக்கும் அதே விலைதான். மூன்றாவது குவார்ட்டரில் பாதி அரங்கம் காலி. நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம், எஸ்இசி அணிகள் இப்படி ஒரு ஆட்டத்தைச் செருகி வைப்பது அவர்கள் ஓய்வெடுக்கத்தான். எதிரணியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பது அவர்களுக்கும் அவமரியாதை, ரசிகருக்கும் அவமரியாதை.

---

கணக்கர்

அக்கா எழுதியதைப் படித்தபின் கொஞ்சம் நிறுத்தி யோசித்தேன். இருந்தாலும் நடைமுறையைக் கேட்கிறேன்.

பிக் டென் கான்ஃபரன்ஸ் 2015 அளவில் எஃப்சிஎஸ் அணிகளோடு இனி ஆட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. யார் அழுதார்கள்? அந்தப் பக்கத்துச் சிறிய கல்லூரிகள்தான். சில வருடத்திலேயே விதியைத் தளர்த்தினார்கள். இப்போது 2026 முதல் எஸ்இசியும் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்குப் போகிறது. வெளியாட்களுக்கு இடம் இன்னும் குறையும். உங்கள் நல்லெண்ணம் எல்லாம் சேர்ந்து கடைசியில் அந்த ஒரு காசோலையையும் நிறுத்திவிடும்.

வீரருக்குப் பங்கு என்றால் எவ்வளவு? ஃபுட்பால்காரருக்குக் கொடுத்தால் அந்தப் பணத்தில் ஓடுகிற பெண்கள் அணிக்கு எங்கிருந்து வரும்?

---

கொலம்பஸ்வாசி

நல்ல கேள்வி. நான் தடை கேட்கவில்லை. 2007-ஐயும் 2022-ஐயும் நானும்தான் கொண்டாடினேன்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2025 ஜூனில், வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றபின், ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; 2025–26-இல் அதன் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதனால் ஒரே மைதானத்தில் ஒரு பக்கத்து இருபது வயதுப் பையன் அந்த ஆட்டத்தின் வருமானத்தில் பங்கு வாங்குகிறான். மறுபக்கத்துப் பையனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. 'இது கல்லூரி விளையாட்டு, படிப்புதான் சம்பளம்' என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு ஒரு சமாதானமாவது இருந்தது. இப்போது பாதிப் பேருக்கு மட்டும் அதைச் சொல்கிறோம்.

பெண்கள் அணிக்குப் போகிற பணத்தில் கை வைக்க வேண்டாம். தொகையை அழைக்கிறவர் கூட்டிக் கொடுக்கட்டும். 15 லட்சம் கொடுக்கிறவரால் வந்து ஆடுகிற ஒவ்வொரு வீரருக்கும் தனியாக ஒரு தொகையும், அன்று காயம்பட்டால் பட்டம் வாங்கிய பிறகும் தொடரும் மருத்துவச் செலவும் கொடுக்க முடியாதா? ஏழாவது ஹோம் கேமின் வருமானத்தைப் பார்த்தால் அது பெரிய தொகையே இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக எழுதினால் போதும், என்சிஏஏ வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே சிறிய அணி அடுத்தடுத்த வாரம் இரண்டு பெரிய இடத்துக்குப் போகக் கூடாது என்பதையும் சேர்க்கலாம். சவானாவுக்கும் கென்டுக்கும் நடந்தது அதுதான்.

இன்னொன்று கடிகாரம். இரண்டு கோச்சும் நடுவரும் ஒத்துக்கொண்டால் மீதி நேரத்தைக் குறைத்துக்கொள்ள இப்போதே விதி இருக்கிறது. 2018-இல் மயாமி–சவானா ஆட்டத்தில் கடைசி குவார்ட்டரை 12 நிமிடமாக்கினார்கள். இதைத் தானாக நடக்கும்படி வைக்கலாம். பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் வித்தியாசம் எல்லை தாண்டினால் கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. பதினேழு வயதில் கிடைத்த பாதுகாப்பு பதினெட்டு வயதில் ஏன் போகிறது?

---

நாலாவது_டவுன்

பணம், மருத்துவம் எல்லாம் சரி, கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன். கடிகாரத்தில்தான் எனக்குத் தயக்கம். பெரிய அணியில் மூன்றாம் நிலை வீரர்கள், ஸ்காலர்ஷிப் இல்லாமல் நான்கு வருடம் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த அரங்கத்தில் இறங்கக் கிடைப்பது இந்த நான்காவது குவார்ட்டர்தான். அவர்களின் அப்பா அம்மா அதற்காகவே வந்திருப்பார்கள். அதை வெட்டுகிறீர்கள். தோற்கிற பக்கமும் முழு நேரம் ஆடத்தான் விரும்பும். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதே அவர்களுக்கு அவமானம் இல்லையா? டிரெய்னர் சார், உங்கள் பையன்களைக் கேட்டுப் பாருங்களேன்.

---

டேப்பும்_ஐஸும்

கேட்டிருக்கிறேன். யாரும் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். இந்த ஆட்டத்துக்குப் போக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். அட்டவணை வந்த அன்று முதலில் பார்ப்பதே எந்தப் பெரிய அரங்கத்துக்குப் போகிறோம் என்றுதான். பஸ் அரங்கத்தை நெருங்கும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து போனில் படம் பிடிப்பார்கள். அவர்கள் யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை.

பணத்தில் பங்கு வேண்டுமா என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவனாக எவ்வளவு தொகைக்குப் போனோம் என்று என்னிடம் கேட்பான். ஆடியவர்களுக்கே அது தெரியாது, செய்தியில் வந்தால்தான் தெரியும்.

கடிகாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையே நான் காரணமாகச் சொல்கிறேன். இன்றைய விதிப்படி தோற்கிற கோச் ஒத்துக்கொண்டால்தான் நேரம் குறையும். 56–0 என்று இருக்கும்போது தன் பையன்கள் முன்னால் அதற்கு எந்த கோச்சுக்கு வாய் வரும்? எங்கள் கோச் நல்ல மனிதர், பையன்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவரும் ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொள்ளாததற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அதனால்தான் அந்த முடிவு அவர் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். எத்தனை பாயிண்ட் வித்தியாசம் வந்தால் கடிகாரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே, ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிடட்டும். அந்த மூன்றாம் நிலை வீரர்களை மூன்றாவது குவார்ட்டரிலேயே இறக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.